வடதுருவக் கணக்கு – 9: காலில் வளையம், கணக்கில் ராணுவக் காசு

டென்மார்க்கின் விபோர்க் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த மார்ட்டென்சன், 1899-இல் எண் பொறித்த அலுமினிய வளையங்களைப் பறவைக் கால்களில் மாட்டிப் பறக்கவிட்ட கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். ஐரோப்பாவில் அந்தப் பழக்கம் சீக்கிரம் பரவியது. ஜப்பானும் 1924-இல் தொடங்கிவிட்டது. ஆனால் வடதுருவத்துப் பறவைகள் குளிர்காலம் கழிக்கும் தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வளையமிடுதல் பெரிய அளவில் நடக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. அதைக் கொண்டுவந்தவர்கள் பறவைப் பிரியர்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். காய்ச்சலுக்குக் காரணம் தேடிய மருத்துவர்களும், அவர்களுக்குச் செலவுக்குக் கொடுத்த படைத்துறையும்தான் கொண்டுவந்தார்கள். கதையின் முதல் காட்சி நம் மலாயாத் தோட்டங்களில் நடக்கிறது.

1920களிலும் 30களிலும் செம்பனைத் தோட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன. காடு வெட்டிய இடத்தில் லாலாங் புல் மண்டும். புல்லில் எலி பெருகும். எலியின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி இருக்கும். அதன் குஞ்சு மனிதரைக் கடித்தால் கடித்த இடம் கருகிப் புண்ணாகும், பத்துப் பன்னிரண்டு நாளில் கடுங்காய்ச்சல், உளறல், பலர் பிழைப்பதில்லை. ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் இந்தக் காய்ச்சலோடு படுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். குவாலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் லெவ்த்வெயிட், சாவூர் என்ற இருவர், இதுவும் ஜப்பானியர் நெடுங்காலமாக அறிந்திருந்த ஆற்றங்கரைக் காய்ச்சலும் ஒன்றே என்று 1940 வாக்கில் நிறுவினார்கள். அதற்குள் போர் வந்தது. பர்மாக் காடுகளில் துப்பாக்கிக் குண்டுக்குத் தப்பிய சிப்பாய்கள் இந்த உண்ணிக்குத் தப்பவில்லை. தோட்டத் தொழிலாளி செத்தபோது வராத அக்கறை, சிப்பாய் செத்ததும் அமெரிக்க ராணுவத்துக்கு வந்தது.

1948-இல் ஜோசப் ஸ்மாடல் தலைமையில் ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு குளோரம்பெனிகால் என்ற புது மருந்தோடு குவாலாலம்பூரில் வந்து இறங்கியது. மருந்து கேட்டது. அந்தச் சோதனையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்ட சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள். டைபாய்டுக்கு முதல் மருந்து இப்படித்தான், தேடாமலே, நம் ஊரில் அகப்பட்டது. வந்த குழு திரும்பிப் போகவில்லை. ஆராய்ச்சிக் கழகத்துக்குள்ளேயே அமெரிக்க ராணுவ மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு நிலைத்துவிட்டது.

அந்தப் பிரிவுக்கு 1958-இல் வந்தவர் எலியட் மெக்ளூர். அதற்கு முன் ஜப்பானில், மூளைக்காய்ச்சல் கிருமியைக் கொக்குகளும் நாரைகளும் சுமக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கர். மலாயாக் காட்டில் மரத்தின் உச்சியில் மேடை கட்டி, எந்த மரம் எப்போது பழுக்கிறது, எந்தப் பறவை வருகிறது என்று எழுதி வைத்தார். மேலிடத்துக்கு அவர் சொன்ன கணக்கு எளிமையானது: ஜப்பானில் கிருமி சுமக்கும் பறவை குளிர்காலத்தில் எங்கே போகிறது என்று தெரியாமல் கிருமியை எப்படிப் பின்தொடர்வது? 1963-இல் பாங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு திட்டம் பிறந்தது. வலசை விலங்குகள் நோயியல் ஆய்வு என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘மேப்ஸ்’ என்று அழைத்தார்கள். ஜப்பான், தென்கொரியா, தைவான், ஹாங்காங், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, இந்தியா என்று பல நாட்டுக் குழுக்கள் ஒரே மாதிரி வளையம், ஒரே மாதிரிப் பதிவேடு வைத்துக்கொண்டு வேலை செய்தன. 1971-இல் திட்டம் மூடப்பட்டபோது 1,200-க்கும் மேற்பட்ட வகைகளைச் சேர்ந்த 11 லட்சத்துக்கும் அதிகமான பறவைகளுக்கு வளையம் மாட்டியாகியிருந்தது. ஆசியாவில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் இவை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

இந்தியாவிலும் காய்ச்சலே தொடக்கம். 1957-இல் மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பிறகு காட்டோரத்து மனிதர்கள். புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் டெல்போர்ட் வொர்க் குழுவினர் உண்ணியால் பரவும் ஒரு வைரசைப் பிரித்தெடுத்தார்கள். ரஷ்யாவின் சைபீரியக் காடுகளில் மனிதரைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வைரசுக்கு அது நெருங்கிய உறவு. அப்படியானால் சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளின் உடம்பில் ஒட்டிய உண்ணிதான் கொண்டுவந்ததோ? இந்தச் சந்தேகம்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கும் பறவையியலாளர் சாலிம் அலிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியை வாங்கிக் கொடுத்தது. பல ஆண்டுகளாக வளையமிட வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் காசு கிடைக்காமல் இருந்தவர் அவர். பறவை மேல் போட்ட பழியே பறவை ஆய்வுக்கு நிதியானது. சைபீரியப் பறவைமேல் சுமத்திய குற்றம் கடைசிவரை மெய்ப்படவில்லை என்பது வேறு கதை. சுகாதார நிறுவனத்தின் பணம் தீர்ந்தபோது மேப்ஸ் கைகொடுத்தது.

பணம் அமெரிக்காவுடையது; வலை ஜப்பானுடையது. மெல்லிய கறுப்பு நூலில் பின்னிய ‘கசுமி’ வலையை அங்குள்ள வேடர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். ஆனால் திறந்த சேற்றிலும் உப்பளத்திலும் நிற்கும் பறவையைப் பிடிக்க வலை மட்டும் போதாது. அதற்குப் பீகாரிலிருந்து மீர்ஷிகார்கள் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றுப் பிழைத்த குடும்பங்கள். அவர்களில் அலி ஹுசைன் என்பவரின் பெயர் இந்தியப் பறவையியலாளர் எல்லாருக்கும் தெரியும். கண்ணியும் கவைக்கோலும் மூங்கிலும் வைத்துக்கொண்டு, உயிருக்கு ஊறு வராமல் பறவையைக் கைக்குள் கொண்டுவரும் வித்தை அவரிடம் இருந்தது. ஆய்வறிக்கைகளில் இவர்களுக்கு நன்றி நவிலும் பகுதியில் ஒரு வரி கிடைக்கும். வளையம் மாட்டிய ஒவ்வொரு காலையும் முதலில் தொட்ட கை அவர்களுடையது. ஒரு வரி போதாது என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டில் இந்த வேலையின் மையம் கோடியக்கரை. வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் ராம்சார் ஈரநிலமானது. அங்கே பூநாரைகளைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். ஆய்வாளர்கள் பார்ப்பது காலடியில் ஓடும் உள்ளான்களை. கொசு உள்ளான் என்று ஒன்று. எடை 25 கிராம் இருந்தால் அதிகம். வளைமூக்கு உள்ளான் என்று இன்னொன்று. ஐம்பது, அறுபது கிராம். இரண்டும் முட்டையிடுவது சைபீரியாவின் வடவிளிம்பில், பனிக்கடலை ஒட்டிய தரிசு வெளிகளில். வளைமூக்கு உள்ளானின் முக்கியமான தாயகம் தைமீர் தீபகற்பம். ஜூலையில் அங்கிருந்து கிளம்பி ஆகஸ்டில் கோடியக்கரை உப்பளங்களில் இறங்கிவிடும். ஆண்கள் முதலில் கிளம்பிவிடுகின்றன. அடைகாத்துக் குஞ்சு பார்க்கிற பெண்கள் அடுத்து. அந்த ஆண்டின் குஞ்சுகள் கடைசியில், வழிகாட்ட யாரும் இல்லாமல் தாமாக வந்து சேர்கின்றன. முதல் கோடையில் இளம்பறவைகளில் பல வடக்கே திரும்புவதும் இல்லை, இங்கேயே தங்கிவிடும்.

வளையத்தில் ‘பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும்’ என்ற பொருளில் ஆங்கில வாசகமும் ஓர் எண்ணும் இருக்கும். நூறு பறவைக்கு வளையமிட்டால் ஒன்றைப் பற்றிச் செய்தி வந்தாலே பெரிது. வரும் செய்தியும் பெரும்பாலும் செத்த பறவையைப் பற்றியது: சைபீரியாவில் ஒரு வேட்டைக்காரர் சுட்டு வீழ்த்தி, காலில் மின்னிய தகட்டைக் கழற்றி, அது மாஸ்கோவின் வளைய மையத்துக்குப் போய், அங்கிருந்து பம்பாய்க்குக் கடிதமாக வரும். அமெரிக்க ராணுவக் காசில் இந்தியாவில் மாட்டிய வளையத்தைப் பற்றி சோவியத் அறிவியல் கழகத்துக்காரர்கள் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பனிப்போர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தை அறிய முயல்பவர்கள் இந்தக் கடிதங்களையும் கொஞ்சம் பார்க்கலாம்.

ஆனாலும் காசின் நிறம் ஒருநாள் வெளுத்தது. 1969-இல் அமெரிக்காவிலேயே ஒரு செய்தி கிளம்பியது. பசிபிக் பெருங்கடல் தீவுகளில் கடற்பறவைகளுக்கு வளையமிட்டு வந்த ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் திட்டத்துக்கு, உயிரியல் போர்முறை ஆராய்ச்சி நடந்த போர்ட் டெட்ரிக் முகாமிலிருந்து பணம் வந்தது என்பது செய்தி. ஐந்தாண்டுகள் கழித்து அதே கேள்வி டில்லியில் எழுந்தது. 1974-இல் பத்திரிகைச் செய்திகள். 1975-இல் ஜோதிர்மய் பாசு தலைமையிலான நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை. டில்லியில் நடந்த கொசு மரபியல் ஆய்வும் பம்பாய்க் கழகத்தின் வலசை ஆய்வும் ஒரே கூண்டில் நிறுத்தப்பட்டன. எந்தப் பறவை எந்த மாதம் எங்கே போகிறது என்ற பட்டியல் கிருமிப் போருக்குத் திட்டமிடுபவனுக்கும் உதவுமே என்பது குற்றச்சாட்டு. கொசு ஆய்வுப் பிரிவு அந்த ஆண்டே மூடப்பட்டது. சாலிம் அலி மிகவும் நொந்துபோனார். தம் ஆய்வில் மறைவு எதுவும் இல்லை, முடிவுகள் எல்லாம் அச்சில் இருக்கின்றன என்பது அவர் பக்க நியாயம்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. வியட்நாமில் காட்டின் மேல் களைக்கொல்லி கொட்டிக்கொண்டிருந்த ராணுவத்தின் காசைச் சந்தேகிக்காமல் இருந்திருந்தால்தான் அந்த நாடாளுமன்றக் குழு கடமை தவறியிருக்கும். அதேசமயம், கோடியக்கரைச் சேற்றில் இரவு முழுக்க நின்றவர்களைத் தேசத் துரோகிகள் போல எழுதியதற்கு ஆதாரமும் கிடைக்கவில்லை. இந்த ஆய்வுக்குப் பறவை மேல் உள்ள ஆர்வத்துக்காகவே காசு கொடுக்க அன்று எந்த அரசும் முன்வரவில்லை என்பதுதான் அடிப்படைக் கோளாறு. 1980-இல் பெரிய அளவில் வளையமிடுதல் மறுபடி தொடங்கியபோதும் காசு அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. இம்முறை அவர்களுடைய மீன், வனவுயிர்த் துறை மூலமாக, அதுவும் பி.எல். 480 கணக்கில், அதாவது அறுபதுகளில் இந்தியா வாங்கித் தின்ற அமெரிக்கக் கோதுமைக்குக் கட்டிய ரூபாயிலிருந்து. 1984-இல் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் வலசைப் பறவைகளைக் காக்கத் தனி உடன்பாடே செய்துகொண்டன. பம்பாய்க் கழகத்தின் பாலச்சந்திரன் போன்றவர்கள் கோடியக்கரையில் பல பத்தாண்டுகள் தங்கி ஆயிரமாயிரமாகப் பறவைகளுக்கு வளையமிட்டது இந்தக் காலத்தில்தான்.

இவ்வளவும் செய்து தெரிந்தது என்ன என்று கேட்கலாம். வழித்தடம் தெரிந்தது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு. கையில் பிடித்த உள்ளானின் இறகைப் பார்த்து அது இந்த ஆண்டுக் குஞ்சா, வயதானதா என்று சொல்லிவிடலாம். சில ஆண்டுகளில் வலையில் விழுவதில் குஞ்சுகள் நிறைய. சில ஆண்டுகளில் அனேகமாக இல்லை. 1979-இல் டச்சு ஆய்வாளர் ரோசலார் இந்த ஏற்ற இறக்கத்தை லெம்மிங்குகளோடு முடிச்சுப் போட்டார். லெம்மிங் என்பது துருவத்துக் குட்டைவால் எலி. மூன்று ஆண்டுக்கொரு முறை போலப் பெருகும். பிறகு மடமடவென்று குறையும். பெருகிய ஆண்டில் துருவ நரிக்கும் ஆந்தைக்கும் எலியே போதும். எலி குறைந்த ஆண்டில் நரி உள்ளான் கூட்டைத் தேடி வரும். முட்டையும் மிஞ்சாது, குஞ்சும் மிஞ்சாது. 1987-இல் சம்மர்ஸ், அண்டர்ஹில் இருவரும் தென்னாப்பிரிக்காவில் பிடித்த வளைமூக்கு உள்ளான்களின் கணக்கையும் மேற்கு ஐரோப்பாவில் குளிர்காலம் கழிக்கும் பிரென்ட் வாத்துகளின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்கின. இரண்டும் தைமீரில் பிறப்பவை. ஆய்வாளர்கள் கால் வைக்க முடியாத சோவியத் வடகோடியில் எந்த ஆண்டு எலி பெருகியது என்பதைத் தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் நின்றே சொல்ல முடிந்தது.

வளையம் ஒரு பக்கம் இருக்க, தலையெண்ணும் வேலை இன்னொரு பக்கம் வளர்ந்தது. அதன் அலுவலகம் நம் தலைநகரில். 1983-இல் ‘இன்டர்வேடர்’ என்ற கரைப்பறவை ஆய்வுத் திட்டம் குவாலாலம்பூரில் தொடங்கியது. 1987-இல் அது ஆசிய ஈரநிலப் பணியகமாக மாறியது. தொண்ணூறுகளின் நடுவில் வெட்லாண்ட்ஸ் இன்டர்நேஷனலோடு இணைந்தது. 1987-இல் இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்த ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் இவர்கள் கைக்கு வந்தது. ஆண்டுதோறும் ஜனவரி மாத நடுவில் தன்னார்வலர்கள் தங்கள் ஊர்க் குளம், கழிமுகம், சேற்றுக்கரைக்குப் போய் எண்ணுவார்கள். கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் நிரப்பிய படிவங்களும், கிள்ளான் பக்கம் காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில் எண்ணிய படிவங்களும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. காப்பார் சாம்பல் குளத்தில் அலையேற்ற நேரத்தில் வந்து அடையும் பறவைகளில் துருவத்தில் பிறந்தவை நிறைய. மின்நிலையத்தின் கழிவு கொட்டும் இடம் சைபீரியப் பறவைக்கு இளைப்பாறும் இடமானது யாரும் திட்டமிட்டதில்லை.

வடக்கே கதவு திறந்தது 1987 அக்டோபர் 1. மூர்மான்ஸ்க் நகரில் பேசிய கோர்பச்சேவ், துருவப் பகுதியை அமைதி மண்டலமாக்கி அறிவியலில் சேர்ந்து உழைப்போம் என்றார். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மானியரும் டச்சுக்காரரும் ரஷ்யரோடு சேர்ந்து தைமீரில் கூடாரம் அடித்தார்கள். 1993-இல் அங்கே ஒரு மாபெரும் இயற்கைக் காப்பகம் அமைந்தது. துருவத் தாவர விலங்குகளுக்கான எட்டு நாட்டுக் குழு 1991-இல் உருவானது. 1996-இல் பிறந்த ஆர்க்டிக் கவுன்சிலின் கீழ் அது வந்தது. 2011-இல் வெளியான கடல்சார் கண்காணிப்புத் திட்டத்தில்தான் முதன்முறையாக எட்டு நாடுகளும் எதை எப்படி எண்ணுவது என்று ஒரே முறைக்கு ஒத்துக்கொண்டன: கடற்பனியில் வாழும் நுண்ணுயிர்கள், மிதவை உயிர்கள், கடலடி உயிர்கள், மீன்கள், கடற்பறவைகள், பாலூட்டிகள். 2017-இல் முதல் அறிக்கை வந்தது. கரையில் கூடுகட்டி, உலகின் மறுபாதியில் குளிர்காலம் கழிக்கும் பறவைகளுக்கு மட்டும் இந்த வேலிக்குள் இடம் போதவில்லை. எட்டு நாடுகளும் சேர்ந்தாலும் அவற்றின் பாதி ஆயுளைத்தான் கண்காணிக்க முடியும். அதற்காக 2015-இல் வலசைப் பறவைகளுக்கென்று தனி முயற்சி தொடங்கி, கிழக்காசிய–ஆஸ்திரலேசிய வழித்தடத்துக்கான கூட்டத்தை 2017-இல் சிங்கப்பூரில் கூட்டினார்கள். சிங்கப்பூரும் இந்தியாவும் 2013-இலேயே ஆர்க்டிக் கவுன்சிலில் பார்வையாளர் இடம் பெற்றிருந்தன. மலேசியாவுக்கு அங்கே நாற்காலி இல்லை. நம் துருவ ஆர்வமெல்லாம் தெற்கே, அன்டார்டிகா பக்கம் போய்விட்டது. ஆனால் வழித்தடக் கூட்டமைப்பில் மலேசியாவும் உறுப்பினர்.

மலைமேல் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேமரன் மலைக் கியா பார்ம் வாசகர் கேட்பது காதில் விழுகிறது. உள்ளான் இங்கே வராது. சேறு இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. ஆனால் அக்டோபரிலிருந்து மார்ச் வரை, சுங்கை பாலாஸ் தேயிலைக்கும் பிரிஞ்சாங் மலைப் பாசிக்காட்டுக்கும் நடுவே உள்ள வேலியோரத்தில், விரல் நீளக் குருவி ஒன்று கிளை கிளையாகத் தாவும். கண்ணுக்கு மேல் மஞ்சள் கோடு, சிறகில் இரண்டு பட்டை. மஞ்சள் புருவக் கதிர்க்குருவி. பிறந்தது சைபீரிய ஊசியிலைக் காட்டில். அதன் உறவான ஆர்க்டிக் கதிர்க்குருவி ஸ்காண்டிநேவியாவிலிருந்து அலாஸ்கா வரை கூடுகட்டிவிட்டு, நம் தீபகற்பத்துக்கு வந்துபோகும். கோஸ் தோட்டத்து வாய்க்காலோரம் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் சாம்பல் வாலாட்டியும் வடக்கத்திக்காரன்தான். மேப்ஸ் காலத்திலும் அதற்குப் பிறகும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த மெட்வே பிரபு, டேவிட் வெல்ஸ் ஆகியோர் தீபகற்பத்து வலசைப் பறவைகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் சேர்த்த பதிவுகள் 1976-இல் ஒரு தடித்த நூலாக வந்தன. இன்றுவரை மலைக்காட்டுப் பறவை பற்றி எழுதுபவர் எவரும் அதைப் புரட்டாமல் எழுத முடியாது. பிளாஸ்டிக் கூரைத் தோட்டங்கள் சரிவெல்லாம் ஏறிய பிறகு இந்த வேலியோரங்கள் எவ்வளவு மிச்சம் என்பதை ஆண்டுதோறும் அளந்து எழுதினால் அதுவும் வடக்கின் கணக்கில் ஒரு வரியாகும்.

2022 மார்ச்சில் கதவு மறுபடி சாத்தப்பட்டது. உக்ரைன் மேல் ரஷ்யா படையெடுத்ததும் மற்ற ஏழு நாடுகள் ஆர்க்டிக் கவுன்சில் வேலைகளை நிறுத்திவைத்தன. பிறகு ரஷ்யா இல்லாத பணிகள் மட்டும் மெல்லத் தொடங்கின. ஆனால் ஆர்க்டிக் கடற்கரையில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது, தைமீரும் அங்கேதான். கூடு கட்டும் இடத்து எண்ணிக்கை கைக்கு வராத நிலையில், குளிர்கால எண்ணிக்கைதான் மிஞ்சுகிறது. அதுவும் நல்ல செய்தி சொல்லவில்லை. மஞ்சள் கடலின் சேற்றுக்கரைகளைத் தூர்த்ததால் வழியில் இரை அற்றுப்போக, வளைமூக்கு உள்ளானை ஆஸ்திரேலியா 2015-இலேயே மிக அருகிய இனமாக அறிவித்தது. 2024 அக்டோபரில் உலகச் செம்பட்டியலிலும் அது அழிவாய்ப்புள்ள இனங்களின் வரிசைக்கு இறங்கியது. எண்பதுகளில் கோடியக்கரையை லட்சக்கணக்கில் நிறைத்த கரைப்பறவைகள், உப்பளங்கள் பெருகி நன்னீர் வரத்து குறைந்த பிறகு அந்த அளவில் வருவதில்லை.

அடுத்த பகுதியில் கரையிலிருந்து கடலுக்குள் இறங்குவோம். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் செய்த கருவித்தொகுதி ஒன்று, 2014 ஜூலையில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், கோங்ஸ்ஃபியார்டன் கடற்கழிக்குள் 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிடப்பட்டது. 1920-இல் பாரிசில் பிரிட்டிஷ் இந்தியாவின் பேரில் போட்ட ஒரு கையெழுத்துதான் அதற்கு வழிவிட்டது.